முள்ளுக்காரரின் செருப்பு

டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அவரை ஊரில் எல்லோரும் சில்லறை என்றுதான் சொல்வார்கள். "சில்லறையா குடுங்க, சில்லறையா குடுங்க" என்று வேலைக்காலம் முழுக்கச் சொன்ன வார்த்தை கடைசியில் அவர் மேலேயே ஒட்டிக்கொண்டது. ஆள் நல்ல உயரம், ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லி. பஸ்ஸின் கூரை இடிக்காமல் இருக்கத் தலையைச் சாய்த்து நின்று நின்று, வெட்டவெளியில் நின்றாலும் கழுத்து கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். பார்க்கிறவர்களுக்கு, யாரோ சொல்வதை உன்னிப்பாகக் கேட்கிறார் என்று தோன்றும். பெரும்பாலும் அவர் எதையும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

ஒரு கதையைக்கூட அவர் முழுதாகப் படித்ததில்லை. ஆனாலும் முள்ளுக்காரரை அவருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் முள்ளுக்காரரைத் தெரியாதவர் யாரும் இல்லை. ஒரு வாரப்பத்திரிகையில் வருடக்கணக்காக வந்த தொடர்கதையின் நாயகர் அவர். கடிகாரம் பழுது பார்ப்பவர். மாடி அறை ஒன்றில் தனியாகக் குடியிருப்பார். இடது கால் ஊனம். வேலையெல்லாம் இடது கையால். எந்த வீட்டில் கடிகாரம் நின்றாலும் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவர் போய் உட்கார்ந்து முள்ளைக் கழற்றி மாட்டுவதற்குள், அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, யார் எதை மறைக்கிறார்கள் என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். கடிகாரம் ஓடத் தொடங்கும்போது சிக்கலும் பாதி அவிழ்ந்திருக்கும். இத்தனைக்கும் அப்படி ஒரு மனிதர் பிறக்கவே இல்லை. கதையாசிரியர் ஒருவரின் பேனாவில் இருந்து வந்தவர்.

பத்திரிகை வெள்ளிக்கிழமை வரும். அன்று காலை பஸ்ஸில் சில்லறை டிக்கெட் கிழித்துக்கொண்டே பயணிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். ஒரு நிறுத்தத்திற்கும் அடுத்த நிறுத்தத்திற்கும் நடுவே எவ்வளவு கண்ணில் பட்டதோ அவ்வளவுதான் அவருடைய படிப்பு. முள்ளுக்காரர் கதவைத் தட்டுவது தெரியும். யார் திறந்தார்கள் என்பது தெரியாது, அதற்குள் அந்த ஆள் இறங்கிப் போயிருப்பார்.

மணிக்கூண்டில் ஏறிய முள்ளுக்காரர் கால் தவறி விழுந்த வாரம் மட்டும் அவருக்கு இன்றுவரை மறக்கவில்லை. பஸ் நிறைய ஆட்கள், ஒரு சத்தம் இல்லை. மார்க்கெட் நிறுத்தம் வந்தது. விசில் அடித்தார், நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்து, "என்னய்யா, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

"சாகல. விழுந்துட்டாரு."

"யாரு?"

"முள்ளுக்காரரு."

டிரைவர் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்ஜினை நிறுத்தினார். "படிச்சு முடிக்கட்டும்" என்றார்.

இல்லாத ஒரு ஆள் ஒரு பஸ்ஸை நடுத்தெருவில் நிறுத்தி வைத்ததைச் சில்லறை தன் கண்ணால் பார்த்தார். அதிகாரி வந்து நிறுத்தியிருந்தால்கூட அப்படி நின்றிருக்காது. அன்று அவருக்குள் புகுந்த திகைப்பு முழுதாக வெளியே போகவே இல்லை.

அவருடைய அக்கா நகர நூலகத்தில் நூலகராக இருந்தவர். தம்பிக்கு நேர் எதிர். கதைகளை வரி வரியாகத் தெரிந்தவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. முள்ளுக்காரருக்கு ஒரு அருங்காட்சியகம் வைக்க வேண்டும். பொம்மையும் படங்களும் அல்ல. அவர் குடியிருந்த மாடி அறை, அப்படியே. நகராட்சிக் கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில் காலியாகக் கிடந்த அறையை, ஏறி இறங்கிக் கேட்டுக் கேட்டு வாங்கினார். செங்குத்தான மரப்படிகள், தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல், தாழ்வான நிலைவாசல். கதையில் சொன்னபடியே இருந்தது.

ஆனால் அறையைத் திறக்கக் கதையாசிரியரின் மகளுடைய சம்மதம் வேண்டும். கதையாசிரியர் காலமாகிவிட்டார், உரிமை அந்த அம்மாளிடம் இருந்தது. அதற்கு முன் வேறொரு ஊரில் முள்ளுக்காரருக்கு அருங்காட்சியகம் வைத்து, கண்ணை உருட்டும் மெழுகுப் பொம்மையை உட்கார வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் போய்ப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினார், மறு வாரமே அதை மூட வைத்தார். அக்காவிடம் போனில், செய்து முடித்துவிட்டுக் கூப்பிடுங்கள், சரியாக இல்லை என்றால் நீங்களே பெயர்ப்பலகையைக் கழற்றிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அக்கா ஒப்புக்கொண்டார். கழற்றினால் அறை வரி வசூல் பிரிவின் பழைய கோப்புகளுக்குப் போய்விடும் என்று நகராட்சியும் சொல்லி வைத்திருந்தது. இன்னொரு அறைக்கு இன்னொரு தடவை அலைய அக்காவின் உடம்பில் தெம்பு இல்லை.

பொருள் சேர்க்கும்போதுதான் சிக்கல் புரிந்தது. அக்கா முதலில் பழைய நாற்காலி ஒன்றை வாங்கி வந்தார். அழகான நாற்காலி. ஆனால் இருக்கைப் பிரம்பில் யாரோ ஒரு குண்டு மனிதர் பல வருடம் உட்கார்ந்த பள்ளம். பழைய கோட்டு ஒன்று கிடைத்தது. அதன் காலரில் வேறொருவரின் கழுத்து. எந்தப் பழைய பொருளை எடுத்தாலும் அதற்குள் ஏற்கெனவே ஒரு ஆள் குடியிருந்தார். புதிதாகச் செய்து வைத்தாலோ கடையில் இருப்பது போல் இருந்தது. அக்கா ஒரு வாரம் யோசித்தார். பிறகு தம்பி வீட்டுக்கு வந்தார்.

"டேய், உன் உசரம்தான் அவரு உசரம். உன் ஒல்லிதான் அவரு ஒல்லி. எல்லாத்தையும் புதுசா செஞ்சு தரேன். நீ பழக்கிக் குடு."

"மாட்டையா பழக்கச் சொல்ற?"

"நாற்காலிய, கோட்ட, செருப்ப. அவரு எப்படி உக்காருவாரோ அப்படி உக்காரு. எப்படி நடப்பாரோ அப்படி நட."

உள்ளே இருந்து நாத்தனாருக்குக் காபி கொண்டுவந்த சில்லறையின் மனைவி ஒரு சந்தேகம் கேட்டார். முள்ளுக்காரர் வெளியே போயிருக்கிற மாதிரிதானே அறை இருக்கப் போகிறது, செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடா போனார் என்று. அவருக்கு ரெண்டு ஜோடி, ஒண்ணு கால்ல, ஒண்ணு வாசல்ல என்றார் அக்கா. கதையிலேயே வருகிறதாம்.

இப்படியாகத்தான் ஓய்வுபெற்ற கண்டக்டர், இல்லாத ஒருவரின் உடம்பை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வாழ ஆரம்பித்தார்.

செருப்பு முதலில் வந்தது. கனத்த தோல், கட்டைவிரலுக்கு ஒரு வளையம், கதையில் உள்ளபடியே. அதைப் போட்டுக்கொண்டு தினமும் காலையில் வீட்டிலிருந்து கிளம்பி, இடது காலை விறைப்பாக வைத்து இழுத்து இழுத்து, தெருவைக் கடந்து, பழைய டிப்போ வரை போய்த் திரும்புவார். முதல் வாரம் தெரு முழுக்க விசாரித்தது. மருந்துக்கடைக்காரர் தைலம் ஒன்றை நீட்டினார். டிப்போவில் கூடவே வேலை பார்த்தவர்கள், நின்று நின்று காலை வாங்கிவிட்டது, நமக்கும் இதுதான் கதி என்று கவலைப்பட்டார்கள். ஒருநாள் களைத்துப் போய்ப் பஸ்ஸில் ஏறினார். ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். வேலைக்காலம் முழுக்க நின்றே பழகியவர், மறுக்க வாய் வராமல் உட்கார்ந்தார். இறங்கும்போது மறக்காமல் நொண்டினார்.

"இருக்குற கால ரெண்டையும் ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல. இல்லாதவரு கால வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றார் மனைவி.

இடது கைப் பழக்கம் இன்னும் மோசம். சவரம் செய்த முதல் நாள் முகத்தைப் பார்த்த மனைவி, இந்த ஆளைக் கதையாசிரியர் தாடி வைத்துப் படைத்திருக்கக் கூடாதா என்று நொந்துகொண்டார். கோட்டின் இடது பையில் குறடும் சின்னத் திருப்புளிகளும் கடிகார முள்ளைப் பிடிக்கும் சாமணமும் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் அலைவார். பை தொங்க வேண்டும் அல்லவா. பென்சில் நுனியைக் கடித்தார். முள்ளுக்காரர் யோசிக்கும்போது கடிப்பாராம். சில்லறைக்கு யோசிக்க ஒன்றும் இல்லை, சும்மா கடித்தார். அக்கா வந்து பென்சிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஆழமாக என்பார்.

செருப்பின் இடது அடி நன்றாகத் தேய்ந்ததும் அக்கா அதை வாங்கி நிலைவாசலுக்குப் பக்கத்தில் வைத்தார். அதன்பின் சில்லறையின் வேலை அறைக்குள் மாறியது. மதியம் சாப்பிட்டதும் மாடிக்குப் போய்விடுவார். நாற்காலியில் இடது முழங்கையை ஊன்றி உட்கார்வார். மேஜையின் ஓரத்தில் மணிக்கட்டு படும் இடத்தில் படவிடுவார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பார்.

ஆரம்பத்தில் அலுப்பாக இருந்தது. பிறகு ஒன்று நடந்தது. அதை அவர் மனைவியிடம் மட்டும் சொன்னார். ஒரு சாயங்காலம் நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டார். படியில் யாரோ ஏறி வரும் சத்தம். சட்டென்று எழுந்து, நாற்காலியைத் துடைத்து, ஓரமாகப் போய் நின்றுவிட்டார். வீட்டுக்காரர் வந்துவிட்டார், அனுமதி கேட்காமல் உட்கார்ந்ததற்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றார். வந்தது மின்சார ஆள், மீட்டர் பார்க்க.

"யாருன்னு நெனச்சீங்க?" என்று மனைவி கேட்டார்.

"அவருதான்."

மனைவி கேலி செய்யவில்லை. அறையைத் தானும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். அழைத்துக்கொண்டு போனார். மனைவி வாசலிலேயே நின்று, உள்ளே வராமல், குரலைத் தாழ்த்தி, "ஆள் இருக்குற வீடு மாதிரி இருக்குங்க" என்றார்.

இதற்கிடையில் இடது முழங்கால் வலிக்கத் தொடங்கியிருந்தது. மழைக்காலத்தில் நிஜமாகவே மடக்க முடியவில்லை. விறைப்பாக வைத்து இழுத்ததன் பலன். அக்காவிடம் சொன்னால் வேலையை நிறுத்திவிடுவார். மனைவியிடம் சொன்னால் அக்காவிடம் போய்விடும். இரண்டு பேரும் அவர் நொண்டுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நடிப்பு நன்றாகத் தேறிவிட்டது என்று நினைத்தார்கள்.

கதையாசிரியரின் மகள் ஒரு காலை நேரத்தில் வந்தார். அறுபதைத் தாண்டியவர், குள்ளம், கனத்த உடம்பு. படிகளில் அவர் ஏறி வர வெகுநேரம் ஆனது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் அடுத்த படிக்கு வந்தார்.  மேலே நின்று புடவை நுனியைத் திருகும் அக்காவின் விரல்களைச் சில்லறை பார்த்தார். இந்த அறை போனால் அக்கா உட்கார்ந்துவிடுவார், பிறகு எழுந்திருக்க மாட்டார் என்று அவருக்குத் தெரிந்தது.

 வந்தவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். கோட்டின் தொங்கிய பைக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த கருவிகளை எடுக்காமல் தொட்டு மட்டும் பார்த்தார். பென்சிலைப் பார்த்தபோது உதடு லேசாக அசைந்தது. அக்காவுக்கு மூச்சு வந்தது.

பிறகு அந்த அம்மாள் சிரமப்பட்டுக் குனிந்து செருப்பை எடுத்தார். இரண்டையும் கவிழ்த்து அடியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இத யாரு போட்டு நடந்தது?"

"நாந்தாம்மா" என்றார் சில்லறை.

"கால் நல்லா இருக்குற ஆள் நடந்த செருப்பு இது. இடது கால் முடியாதவன் இடது கால எதுக்குப் போட்டு தேய்க்கிறான்? அத பட்டும் படாம வெப்பான். பாரமெல்லாம் நல்ல கால் மேலதான். தேயறது வலது."

சொல்லிவிட்டு, தன் புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் உயர்த்தினார். இடது கால் சூம்பியிருந்தது. வலது செருப்பைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினார். குதிகாலின் வெளிப்பக்கம் காகிதம் மாதிரி ஆகியிருந்தது. இடது செருப்பு வாங்கிய நாளில் இருந்தபடியே இருந்தது.

 அதன்பின் அந்த அம்மாள் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் தன்னைக் கேலி செய்வார்கள், வீட்டுக்கு வந்து அழுவார். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். ஒருநாள் புதிதாக ஒரு தொடர்கதை எழுத ஆரம்பித்தார். நாயகனுக்குத் தன் மகளின் காலைக் கொடுத்தார். வருடம் முடிவதற்குள் பள்ளிக்கூட மைதானத்தில் அத்தனை பிள்ளைகளும் முள்ளுக்காரர் மாதிரி நடந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். கேலியாக இல்லை, பெருமையாக.

"எல்லாரும் தப்பாத்தான் நொண்டினாங்க. உங்கள மாதிரியே" என்றார். கோபமாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

சில்லறைக்கு மயிர்க்கூச்செறிந்தது. பஸ் நின்ற அந்த வெள்ளிக்கிழமை, அத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தது இந்தக் காலைத்தானா? எதிரே நின்ற அம்மாளை ஏறிட்டுப் பார்க்கவே அவருக்கு அச்சமாக இருந்தது.

அக்கா, வாக்குக் கொடுத்தபடி பலகையைச் சாயங்காலமே கழற்றிவிடுவதாகச் சொன்னார்.  அந்த அம்மாள் தலையை ஆட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலுக்கு நடந்தார். நிலைவாசலைத் தாண்ட வலது கையை நிலையில் ஊன்றினார். அப்படியே நின்றுவிட்டார்.

அவர் கை இருந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே, புதிதாக வண்ணம் பூசிய மரத்தில், ஒரு உள்ளங்கை அளவுக்குக் கறுத்துப் பளபளப்பாக எண்ணெய்க் கறை படிந்திருந்தது.

"இது எந்தக் கதையில வருது?"

அக்கா அப்போதுதான் அதைப் பார்த்தார். கதையில் இல்லாத எதுவும் அறைக்குள் இருக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பதறிப்போய், தெரியாமல் நடந்துவிட்டது, உடனே துடைத்துவிடுகிறேன் என்று முந்தானையை எடுத்தார்.

"தொடாதீங்க" என்றார் அந்த அம்மாள். "யாரு கை இது?"

சில்லறை முன்னால் வந்தார். "என்னுதாம்மா. நடிச்சு நடிச்சு முட்டி நெசமாவே போயிருச்சு. மழைக்காலத்துலேர்ந்து பிடிக்காம தாண்ட முடியல. அக்காவுக்குத் தெரியாது."

அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், திட்ட வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

"எங்க வீட்டுச் சமையலறை நெலையில இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு, என் கை பட்டு" என்றார் வந்தவர். "அம்மா வருஷா வருஷம் பெயிண்ட் அடிப்பாங்க. திரும்ப வந்துரும். அப்பா அத எழுதவே இல்ல. அவரு எழுத மறந்தது இங்க இருக்கு." கையை மரத்தில் வைத்தபடியே அண்ணாந்து பார்த்தார். "சரியான எடத்துலதான் இருக்கு. அவரு என்னைவிட உசரம்."

பிறகு, கொஞ்ச நேரம் தன்னைத் தனியாக விடச் சொன்னார்.

அக்காவும் தம்பியும் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்கள். உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. அதன்பின் தாழ்ந்த குரலில் ஏதோ பேச்சு. ஒரு வார்த்தையும் புரியவில்லை. நடுவே நிறுத்தினார், பதிலுக்குக் காத்திருப்பது போல, மறுபடி தொடர்ந்தார். சில்லறைக்கு உடம்பெல்லாம் காதாக இருந்தது. அறையில் அந்த அம்மாளைத் தவிர யாரும் இல்லை என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். நாற்காலியை அவரேதான் பழக்கினார். ஆனாலும் எழுந்து எட்டிப் பார்க்கத் துணிவு வரவில்லை. அக்கா தம்பியின் இடது முழங்காலின் மேல் கையை வைத்தார், எடுக்கவே இல்லை.

வெளியே வந்த அம்மாளின் கண் சிவந்திருந்தது. பேனா கேட்டார். படியிலேயே அக்காவுக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்து, சம்மதக் கடிதத்தை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்தச் செருப்பை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்றார்.

"வேற ஒண்ணு செய்யச் சொல்லுங்க. இவரே போடட்டும்." சில்லறையிடம் திரும்பினார். "இந்தத் தடவ நடிக்காதீங்க."

அறை திறந்தது. அக்கா தெருவெல்லாம் ஒட்டிய சுவரொட்டியில் முள்ளுக்காரரின் படம் கிடையாது. 'அவர் வெளியே போயிருக்கிறார். வந்து காத்திருக்கலாம்' என்று மட்டும் எழுதியிருந்தது. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள்கூட மாடியேறியதும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். வாசலுக்கருகே ஓரிடம் மட்டும் காலியாக இருந்தது. செருப்பு எங்கே என்று கேட்பவர்களிடம் அக்கா, வந்துகொண்டிருக்கிறது என்பார்.

டாக்டர் சில்லறையின் முட்டிக்கு மாத்திரை கொடுத்து, தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருக்கிறார். மனைவி பாதித் தூரம் கூடவே வருவார். டிப்போ வரை இப்போது போக முடிவதில்லை. மார்க்கெட் நிறுத்தத்தோடு திரும்பிவிடுகிறார். வீட்டுக்கு வந்ததும் புதுச் செருப்பைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்க்கிறார். வலது அடிதான் முதலில் தேய்ந்து வருகிறது.